யாரால தோத்தோம்?

மூட்டை கூடத்தின் நடுவில் விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் தோற்றுவிட்டார்கள் என்று. ஈரத் துணிக்கென்று தனியாக ஒரு சத்தம் உண்டு. சலவைக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அது தெரியாதா?

கையில் பிடித்த கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். மகள் காலுறையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். முழங்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னைக்கும் நீயேவா?"

"ஓட்டு விழுந்துச்சும்மா."

"எத்தனை பேரு?"

"எல்லாரும்தான்."

"நீ என்னடி தப்புப் பண்ணே?"

மகள் தோளைக் குலுக்கினாள். "அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா. ரூல்."

சலவைக்கடையிலும் தெருவிலும் இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். நாமும் அப்படியே கூப்பிடலாம். அக்கா அன்று காலையிலிருந்து நீராவி இஸ்திரியின் முன்னால் நின்றவள். ஓட்டல் படுக்கை விரிப்புகள், ஆஸ்பத்திரி அங்கிகள், யாரோ கல்யாணத்துக்குப் போட்டுக் கறையாக்கிய கோட்டு என்று ஊரார் சுருக்கத்தையெல்லாம் நீவிவிட்டு, தன் இடுப்பை நிமிர்த்த முடியாமல் வீடு வந்து அடுப்பைப் பற்றவைத்தால், நடுக்கூடத்தில் இந்த மூட்டை. ஒரு கால்பந்து அணியின் அத்தனை சட்டை, அத்தனை கால்சட்டை, அத்தனை காலுறை. எல்லாம் வெள்ளை. பெண் பிள்ளைகளைச் சேற்றில் விட்டு உருட்டுகிற விளையாட்டுக்கு வெள்ளை உடுப்பு தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவன் துவைக்கிறவன் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். தோற்ற நாளில் பெண்கள் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். கோச் நடுவில் நின்று, "யாரால தோத்தோம்?" என்று கேட்பார். ஒவ்வொருத்தியாகப் பேரைச் சொல்ல, மற்றவர்கள் கை தூக்குவார்கள். அதிகம் ஓட்டு விழுந்தவள் மூட்டையைத் தூக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. அழக் கூடாது. துவைத்து, காயவைத்து, மடித்து மறுநாள் கொண்டுவர வேண்டும். இதற்குக் கிளப்பின் சுவரில் பெரிய எழுத்தில் பேர் எழுதி வைத்திருந்தார்கள்: ஓர் அணி, ஓர் உயிர்.

அந்தக் கோச் வேறு யாருமில்லை. அக்காவின் கூடப் பிறந்த தம்பி.

சொல்லிவைத்தாற்போல் அவனும் வந்து சேர்ந்தான். கழுத்தில் விசில் ஆட, கூடத்தில் கிடந்த மூட்டையைத் தாண்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

"என்னக்கா, சாப்பாடு ஆச்சா? பசி உயிர் போகுது."

"ஆகும், ஆகும். ஏண்டா தம்பி, ஒவ்வொரு தடவையும் இவ ஒருத்தியே எப்படிடா காரணமாவா? மத்தவங்க எல்லாம் பார்க்க வந்தவங்களா?"

"அது நான் முடிவு பண்றதில்லக்கா. பொண்ணுங்களே கை தூக்குறாங்க. ஜனநாயகம்."

"அந்த ஜனநாயகத்துக்கு என் வீட்டு வாசல் ஒண்ணுதான் தெரியுமா?"

தம்பி சிரித்தான். அவன் சிரித்தால் நன்றாகத்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அந்தச் சிரிப்பை வைத்துத்தான் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து வந்திருக்கிறான். "இதுல அவமானம் ஒண்ணுமில்லக்கா. பணிவு கத்துக்கறது. நான் மட்டும் என்ன? இந்தக் கையால துவைச்சுத்தானே ஆளானேன்!"

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அக்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் பண்ணுகிறானோ என்று தேடினாள். இல்லை. அவன் மனப்பூர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தம்பி பையனாக இருந்து பந்து உதைத்த காலத்திலும் இதே வழக்கம்தான் இருந்தது. அவனுடைய கோச், அந்தக் கோச்சுக்கு மேலே இன்னொரு கோச் என்று வழிவழியாக வந்த புண்ணியம் அது. அப்போதும் மூட்டை வீட்டுக்கு வரும். இதே மாதிரிதான் நடுக்கூடத்தில் விழும். அம்மா படுத்த படுக்கை. அப்பா இல்லை. "அக்கா, கால் வலிக்குது" என்பான் தம்பி. "நீ போய்ப் படுடா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்பாள் அக்கா. அவளுக்கும் அப்போது வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டுச் சலவைக்கடையில் சேர்ந்த புதிது. கல்லில் அடித்து, கையால் கசக்கி, கடையில் கேட்டுக் கெஞ்சி இஸ்திரியும் போட்டு அடுக்கிக் கொடுப்பாள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போவான். கோச் தட்டிக்கொடுப்பார். 'இவன்டா பொறுப்புள்ளவன்' என்பார். அந்தத் தட்டலில் தொடங்கியதுதான் அவனுடைய முன்னேற்றம் எல்லாம்.

பெரியவனான பிறகு மேடைகளில் அதைச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் "எங்க வீட்ல துவைச்சோம்" என்றான். பிறகு "துவைச்சேன்" என்றான். கொஞ்ச நாள் கழித்து, சோப்புக் காரம் பட்டு விரல் இடுக்கெல்லாம் புண்ணானதையும் சேர்த்துக்கொண்டான். புண் உண்மைதான். விரல்தான் வேறு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது அது பூசணிக்காய் என்று தெரியும். தம்பிக்கு அதுவும் மறந்துபோயிருந்தது.

"சரிடா, நீ துவைச்சே. இவளும் துவைச்சுட்டா. போதும்னு சொல்லேன்."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, கேளு. நகர அணிக்கு நம்ம கிளப்புலேருந்து ஒரு பேர் கேட்டிருக்காங்க. ஒரே ஒரு பேர். இறுதி ஆட்டம் முடிஞ்சதும் நான் சொல்லணும். போனா அங்கேயே தங்கிப் படிக்கலாம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவங்களே. ஆட்டத்துல இவள அடிச்சுக்க ஆளில்ல, எனக்குத் தெரியாதா? தானாடாட்டாலும் தசை ஆடாதா? ஆனா என் அக்கா பொண்ணாச்சே. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. அதனால குணத்துல ஒரு குத்தம் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது. மூஞ்சி சுளிக்காம மூட்டையைத் தூக்கட்டும், அது போதும்."

அதற்கு மேல் அக்காவால் என்ன பேச முடியும்? மகள் அந்த நீராவிக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது என்பதுதான் அவள் வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே பிடிவாதம். தகப்பன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். அவனைக் கேட்டால் "உன் தம்பி, நீயே பேசிக்கோ" என்பான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தம்பிக்குச் சோறு போட்டாள். அவன் இரண்டாம் தடவையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, மறுபடியும் அந்த மூட்டையைத் தாண்டிப் போனான்.

வாசலில் நின்று, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு" என்றான் மருமகளிடம்.

"சரி மாமா."

"மைதானத்துல?"

"சார்," என்றாள் அவள்.

குளியலறையில் வாளியை நிரப்பி அக்கா குந்தினாள். ஊரார் நினைப்பதுபோல் கடை மெஷினில் ஒன்றும் போட முடியாது. முதலாளி வெளித் துணியை உள்ளே விட மாட்டார். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை இழுத்தாள்.

"நீ போய்ப் படும்மா. கால் வலிக்கும்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான், இதே வார்த்தையை முன்பு யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சட்டையை மகள் கையிலேயே விட்டாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே அனுமதி கேட்டு, மடித்த உடுப்புகளைத் தானே கொண்டுபோனாள். அன்று மாலை பக்கத்துக் கிளப்போடு ஒரு பயிற்சி ஆட்டம். கம்பி வேலிக்கு வெளியே மற்றத் தாய்மார்களோடு நின்று பார்த்தாள். மகள் ஆடி அவள் அதிகம் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் ஊர் அழுக்கு ஓய்வதில்லையே. மகள் பின்வரிசை. முன்னால் ஓடி கோல் போட்டுக் கைதட்டு வாங்குகிறவர்களுக்குப் பின்னால் நின்று, வருகிற ஆபத்தையெல்லாம் உதைத்து வெளியே தள்ளுகிற வேலை. நம் பிள்ளைக்கு நம் வேலைதான் வாய்த்திருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

"இஸ்திரி! ஏய் இஸ்திரி, இங்க குடு!"

அக்கா திடுக்கிட்டாள். கடையில் இருக்கிற நினைப்பில் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். மகளுக்குச் சற்றுத் தள்ளி நின்று கேப்டன் கத்திக்கொண்டிருந்தாள். மகள் சட்டென்று பந்தை அவளுக்குத் தள்ளினாள். எந்த முகமாற்றமும் இல்லை. அதுதான் தன் பேர் என்பதுபோல.

கேப்டன் அந்தப் பந்தை வாங்கி, தன் கோலுக்கு முன்னாலேயே இரண்டு பேரை ஏமாற்றிக் காட்டப் போய், எதிரியின் காலில் கொடுத்துவிட்டாள். கோல். அதோடு ஆட்டமும் முடிந்தது. கண் தெரியாதவர்கூடச் சத்தத்தை வைத்தே சொல்லியிருப்பார், யாரால் தோற்றார்கள் என்று.

பெண்கள் வட்டமாக நின்றார்கள். தம்பி நடுவில் போனான். "யாரால தோத்தோம்?"

கைகள் எழுந்தன. மகளுக்குத்தான். கேப்டனின் கை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. தம்பி ஒரு கணம் கேப்டனைப் பார்த்ததையும், பிறகு விசிலைப் பார்த்ததையும் அக்கா வேலியிலிருந்து பார்த்தாள். "சரி, தீர்ப்பு தீர்ப்புதான்," என்றான் அவன்.

"ஐயோ, தப்பு என் பொண்ணு பண்ணலியே!" அக்காவின் வாயிலிருந்து வந்தேவிட்டது.

பக்கத்தில் நின்றவள் கேப்டனின் அம்மா, பல் டாக்டரின் மனைவி. நல்லவள்; எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவள். "நீங்கதானா அம்மா? அடடே! உங்க வீட்டுக்குப் போனா துணி எவ்வளவு அழகா வருது தெரியுமா? கத்தி மாதிரி மடிப்பு. ஒரு தடவ அந்த மூட்டை எங்க வீட்டுக்கு வந்துச்சு, வேலைக்கு இருந்தவ பார்த்துட்டு வேலையையே விட்டுட்டுப் போயிட்டா." அவள் அக்காவின் கையைத் தொட்டுச் சிரித்தாள். "பிள்ளைங்களுக்கும் விவரம் தெரியும். யார் வீட்டுக்கு அனுப்பினா நல்லா வரும்னு பாத்துத்தான் கை தூக்குறாங்க. உங்களுக்கென்ன, கையோட கையா முடிஞ்சிடும். பழகின வேலை."

இதில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. ஒருத்தி திட்டினால் திருப்பித் திட்டலாம். பாராட்டுகிறவளை என்ன செய்வது?

வீட்டுக்கு நடக்கும்போது மூட்டை இருவருக்கும் நடுவில் ஆடியது.

"உன்னை இஸ்திரின்னா கூப்பிடறாங்க?"

"பட்டப்பேரும்மா. எல்லாருக்கும் ஒண்ணு உண்டு."

"அந்தக் கேப்டனுக்கு என்ன பேரு?"

மகள் மூட்டையைக் கை மாற்றிப் பிடித்தாள். "கேப்டன்," என்றாள்.

"உங்க மாமாவுக்குக் காது கேக்காதா?"

"அவரும் ஒரு தடவ அப்படித்தான் கூப்பிட்டாரு. வாய் தவறி."

இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம். அன்று அக்கா துவைத்த துவையில் ஒரு சட்டையின் தையலே விட்டுப்போயிற்று. உட்கார்ந்து அதையும் தைத்தாள். ஆத்திரத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட வழியில்லை பாருங்கள். கிழித்தால் தைக்க வேண்டியவளும் அவள்தான்.

இறுதி ஆட்டத்தன்று மழை. மைதானம் குழைந்து கிடந்தது. அக்கா கடைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். முதல் பாதியில் கேப்டன் ஒரு கோல் போட்டாள்; அழகான கோல், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குப் பிறகு எதிரணி இவர்களை மூச்சுவிட விடவில்லை. மகள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். முடியப்போகிற நேரத்தில் கோல்காவல்காரியையும் தாண்டிப் பந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்துதான் வந்தாளோ மகள், சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்து, கோல் கோட்டின் மேலிருந்து அதைத் தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டாள். அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்ன கத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது.

ஜெயித்துவிட்டார்கள்.

கோப்பை கொடுத்தார்கள். கிளப் தலைவர் பேசினார். அவர் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பேச்சையும் முழக்கணக்கில்தான் அளப்பார். "ஆட்டம் எல்லாக் கிளப்லயும் சொல்லித் தருவாங்க. குணம் சொல்லித் தர்றது நம்ம கிளப் ஒண்ணுதான்!" என்றார். பிறகு தம்பி ஒலிபெருக்கியை வாங்கினான். மழையில் நனைந்து, சிரித்து, குரல் தழுதழுக்க அதே கதையைச் சொன்னான். இந்தக் கையால். சோப்புக் காரம். விரல் இடுக்கில் புண். இரண்டு கையையும் தூக்கிக் காட்டவும் செய்தான். தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அக்கா தன் கையை மழைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. பெண்கள் உடைமாற்றும் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து, குழாயடியில் கிடந்த சாக்கில் சேற்று உடுப்புகளை எறிந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வந்தாள் மகள். தன் சட்டையையும் போட்டாள். சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். தோளில் ஏற்றக் குனிந்தாள்.

யாரும் கைதூக்கவில்லை. யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. அவளாகவே குனிந்தாள். இத்தனை நாளில் அக்கா பார்த்ததிலேயே மோசமான காட்சி அதுதான்.

"கீழ வை."

"அம்மா..."

"வைடி கீழே. நீங்க ஜெயிச்சிருக்கீங்க. இன்னைக்கு எதுக்கு மூட்டை?"

தம்பி ஓடி வந்தான். சுற்றிலும் பார்த்துக்கொண்டு மெல்லப் பேசினான். "என்னக்கா இது? நாளைக்குக் காலையில போட்டோ எடுக்கணும். கோப்பையோட. இன்னைக்கு யாரும் தோக்கல, அதனால ஓட்டு கிடையாது. சும்மா எடுத்துட்டுப் போயேன்."

"தோத்தா தோத்ததுக்குத் துவைக்கணும். ஜெயிச்சா எதுக்குடா?"

"யாராவது துவைச்சுத்தானே ஆகணும்!"

"அந்த யாராவது யாரு? சொல்லு தம்பி. அந்த யாராவதுக்கு ஒரு பேர் இருக்கில்ல?"

அவன் இன்னும் நெருங்கி வந்தான். "இன்னைக்குச் சாயங்காலம் தலைவர்கிட்ட பேர் சொல்லணும்கா. உன் பொண்ணு பேர் வாய் வரைக்கும் வந்து நிக்குது. கெடுத்துக்காத."

அக்கா சாக்கைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு மூட்டை. எத்தனையோ துவைத்தாயிற்று, இதோடு ஒன்று. மகள் இந்த நீராவியை விட்டுப் போய்விடுவாள். குனிந்து எடுத்துவிடலாமா என்றுதான் நினைத்தாள்.

"விடும்மா, எடுத்துட்டுப் போயிடலாம். இன்னும் ஒரு நாள்தானே," என்றாள் மகள்.

அந்தச் சொல்தான் அக்காவை நிமிர்த்தியது. இன்னும் ஒரு நாள்தானே, இன்னும் ஒரு நாள்தானே என்று அவள் தம்பிக்காகவும், அம்மாவுக்காகவும், கடை முதலாளிக்காகவும் சொல்லிக்கொண்ட நாள்கள் சேர்ந்துதான் அவள் ஆயுசு ஆகியிருந்தது. இப்போது அது மகள் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது.

சாக்கை அவிழ்த்தாள். மகளின் சட்டை, மகளின் கால்சட்டை, காலுறை. அதை மட்டும் எடுத்து உதறி மடித்தாள்.

"இது என் பொண்ணு போட்டது. இதை நாங்க துவைச்சுக்கறோம். மிச்சம் அவங்கவங்களோடது." தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "நீ துவைச்சே, துவைச்சேன்னு கேட்டுக் கேட்டு, ஒருவேளை நீதான் துவைச்சியோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா தம்பி. அதனாலதான் இவ்வளவு நாள் பேசாம இருந்தேன்."

சாக்கு குழாயடியிலேயே கிடந்தது. அம்மாவும் மகளும் மழையில் நடந்தார்கள்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா வேலைக் கோட்டோடு, கடைக்குப் போகிற வழியில் மகளை விட வந்தாள். மகளின் வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைத்தது. கத்தி மாதிரி மடிப்பு.

சாக்கு நேற்று கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றி ஒரே சண்டை.

"நீ எடுத்துட்டுப் போவேன்னு நினைச்சேன்."

"நான் எதுக்கு எடுக்கணும்? நாமதான் ஜெயிச்சோமே!"

"சார் பாத்துப்பார்னு நினைச்சேன்."

ஓர் அணி, ஓர் உயிர். அத்தனை பேரும் இன்னொருத்தி எடுப்பாள் என்று நம்பி நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாற்றமடிக்கிற சட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நடுவில் மகள் மட்டும் பளிச்சென்று.

தலைவர் வந்தார். வரிசையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கண் மகள் மேல் போய் நின்றது.

"ஓ! தன்னோடத மட்டும் துவைச்சுட்டு வந்திருக்கியா? கூட ஆடுறவங்க இந்தக் கோலத்துல நிக்கிறப்ப உனக்கு மட்டும் எப்படிம்மா மனசு வந்துச்சு?" தம்பியின் பக்கம் திரும்பினார். "நேத்து நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆட்டம் மட்டும் போதாது, குணம் வேணும். நல்லவேளை, கேப்டன் பேரைக் குடுத்தீங்க."

அப்படித்தான் அந்தச் செய்தி வந்தது. பேச்சோடு பேச்சாக, போகிற போக்கில். மகள் நேராகத் தன் மாமாவைப் பார்த்தாள். அவன் விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேப்டனே தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் ஆட்டம் தெரியுமல்லவா, யார் எப்படி ஆடினார்கள் என்று.

"மாமா," என்றாள் மகள். மைதானத்தில், எல்லார் முன்னாலும். "நான் நேத்து தலையால தடுத்தது கணக்குல வராதா மாமா?"

அவன் விசில் கயிற்றை விரலில் சுற்றினான். அக்காவுக்குப் போய் அவன் கழுத்து விசிலைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. நின்ற இடத்தில் நின்றாள்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டுத் தயங்கினார். "சார், இந்தச் சட்டையோட எடுத்தா சுவத்துல மாட்ட முடியாது. நல்ல வெயில். ஒரு அலசு அலசிப் பிழிஞ்சு போட்டா சீக்கிரம் காஞ்சிடும். நான் இருக்கேன்."

தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அதுக்கென்ன! நம்ம கோச் துவைச்சே ஆளானவராச்சே! சார், இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. தலைவன்னா எப்படி இருக்கணும்னு கண்ணால பாக்கட்டும். ஏம்பா, அதையும் சேர்த்துப் போட்டோ எடு!"

"காட்டுங்க சார்! காட்டுங்க சார்!" பெண்கள் குதித்தார்கள். காவல்காரர் வாளி கொண்டுவந்தார். யாரோ சோப்புக்கட்டி கொண்டுவந்தார்கள். உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடி வந்து, கழற்றியதையெல்லாம் அவன் காலடியில் கொட்டினார்கள். தாய்மார்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

தம்பி குழாயடியில் குந்தினான். கைக்கடிகாரத்தைக் கழற்றினான், மறுபடி கட்டினான், மறுபடி கழற்றினான். வாளியைப் பார்த்தான். சோப்பைப் பார்த்தான். சேற்றுக் குவியலைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்காமல், பக்கத்தில் நின்ற அக்காவிடம், உதடு அசையாமல் கேட்டான்.

"அக்கா... முதல்ல சோப்பா, தண்ணியா?"

அக்காவின் கை அவளைக் கேட்காமலேயே கோட்டுக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தது. அவ்வளவு காலப் பழக்கம். மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா சுருட்டியதை மெதுவாக இறக்கிவிட்டாள். மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கென்ன தெரியும் தம்பி? குணம் இருந்தா தானா வரும்."

பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் குழாயடியில் முன்னால் நின்ற கேப்டனுக்குக் கேட்டுவிட்டது. அவள் அக்காவைப் பார்த்தாள், பிறகு சாரின் கையைப் பார்த்தாள். விரல் இடுக்குகளை உற்றுப் பார்த்தாள்.

கடை திறக்கிற நேரம் எப்போதோ ஆகியிருந்தது. அக்கா போகவில்லை. நிழலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னொருவர் துவைப்பதை உட்கார்ந்து பார்ப்பது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை.